ஏலேயும் வாங்கய்யாவும்

போன திங்கட்கிழமை பட்டா விஷயமாக மனுக் கொடுக்கச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் நல்ல மரியாதைக்காரன். "வாங்கய்யா, உக்காருங்க" என்றான். நான் உட்காராமல் மனுவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். தலை நரைத்த ஆள், ஒரு வாங்கய்யாவுக்கு இப்படியா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த எவனும் அப்படித்தான் நிற்பான்.

அதே வராந்தாவில் ஒரு காலத்தில் லீவு போட்டுக்கொண்டு வந்து மனுவோடு நின்றவர் எங்கள் ஹெட்மாஸ்டர் தேவசகாயம் சார். திருத்தங்கல் பக்கம் எங்கள் உயர்நிலைப் பள்ளி. ஊர் நலக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். தெருவிளக்கு, குடிதண்ணீர், பஸ் ஸ்டாப் எல்லாம் பார்ப்பார். ஆனால் அவர் உயிரை விட்டது ஒரே விஷயத்துக்கு: பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் வெந்தவர்களை அப்போது மதுரைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஆண்டு விழா மேடைக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்த முதலாளிக்கு மாலை போட்டுவிட்டு, அதே மைக்கில் வார்டைப் பற்றிப் பேசுவார். "ஹெட்மாஸ்டர் ஸ்கூல மட்டும் பாத்தா போதாதாக்கும்?" என்று முதலாளி ஒருமுறை முகம் சுளித்தார். "ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைகளப் பெத்தவுக ஒங்க கம்பெனியிலதான இருக்காக" என்றார் சார்.

எங்களிடம் அவருக்கு ஒரே சொல்தான். ஏலே. "ஏலே, சட்டப் பித்தான எங்கலே?" "ஏலே, மாடு மாதிரி ஓடாதலே." முதல் மார்க் எடுத்தவனும் ஏலேதான். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு கம்பெனியில் இருந்தார்கள். சார் சைக்கிளில் போய் விசாரித்துவிட்டு வருவார். வாசலில் நின்று "என்னலே பராக்கு? படிங்கலே" என்றால் எங்களுக்கு உயிர் வரும். யாராவது ஒருத்தன் பேரைச் சொல்லி "வாங்கய்யா" என்று மரியாதையாகக் கூப்பிட்டால், முடிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மத்தியானம் என் பேரைச் சொன்னார். "முருகேசா, வாங்கய்யா."

அம்மாவை மதுரைக்குக் கொண்டு போயிருந்தார்கள். ஒரு வாடகைக் காரில் சாரும் நானும் பின்னாலேயே போனோம். கார் முழுக்க அவர் சட்டையின் சாக்பீஸ் வாசனை. விருதுநகர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அம்மாவை ஏற்றிப் போன கம்பெனி வேன் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தது. மெதுவாக வந்தது. சார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை எனக்கு ஏலே கிடையாது. "வாங்கய்யா, சாப்பிட்டீகளா?"தான். மற்றவர்களெல்லாம் ஏலேயாக இருக்க, நான் மட்டும் எந்நேரமும் அம்மா செத்த பிள்ளையாக நின்றேன். எப்படியாவது ஒரு ஏலே வாங்கிவிட வேண்டும் என்று பள்ளிக்கூட வேப்பமரத்தில் ஏறி உச்சிக் கிளையில் உட்கார்ந்தேன். "எறங்குங்கய்யா, விழுந்துறாதீக" என்றார். பாவம், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த வேன்தான் தெரிந்திருக்கும்.

வார்டு வந்தது. அவர் ரிட்டயர் ஆனபின் வந்தது. திறப்பு விழாவில் அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. கூட்டத்தில் நின்று கைதட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் போய் நின்றேன். "வாங்கய்யா. கொஞ்சம் முந்தியே வந்திருக்கணும்" என்றார். வார்டைத்தான் சொன்னார்.

கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார் என்றார்கள். தீபாவளி கழித்துப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏலே முருகேசா! எங்கலே போன இம்புட்டு நாளா? ஒங்கம்மா சொகமா இருக்காகளாலே?"

"சொகமா இருக்காக சார்" என்றேன்.

"கம்பெனிக்குப் போறாகளா?"

"இல்ல சார், நிப்பாட்டிட்டாக. வீட்லதான் இருக்காக."

"நல்லதுலே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து பைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பொங்கலுக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கலெக்டர் ஆபீஸ் பையன் மறுபடியும் "உக்காருங்கய்யா" என்றான். இப்போது எங்கே போனாலும் எனக்கு இந்த மரியாதைதான். ஏலே என்று கூப்பிட்டு, அம்மா சொகமா என்று கேட்க இனி ஒருத்தரும் இல்லை.