அம்மா சொன்ன குறை

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தை வாங்கிய ஆங்கிலேயர், வீடு பார்க்க வந்த அன்று வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். கழற்றச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவரைப் பற்றி இணையத்தில் தேடி வாசித்திருந்தேன். பதினாறு வயதில் சுவருக்குப் பெயின்ற் அடித்தவர். இப்போது மூன்று நாடுகளில் கட்டடங்கள். பழையதை வாங்குவார், திருத்துவார், வாடகையைக் கூட்டுவார். அதற்குப் பிறகு பழைய ஆட்கள் அங்கே இருப்பதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வாசிப்பதும் மொழிபெயர்ப்பதும் என் வேலை; பயப்படுவதும்தான்.

அப்பாவுக்குப் பயமில்லை.

"அவரும் கைவேலை செய்து வந்த மனிசன்தானே. நீ ஏன் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கிறாய்?"

"வீட்டை விட்டு எழுப்பிறவையும் சிரிச்சுக்கொண்டுதான் வருவினம், அப்பா."

ஆங்கிலேயர் வடையைக் கையால் எடுத்துச் சாப்பிட்டார். இரண்டாவதும் கேட்டார். அம்மா உருகிப்போனார். விருந்தாளிகளிடம் எப்போதும் சொல்வதைச் சொன்னார்:

"குறை நினைக்காதேங்கோ. வீடு சின்னன். சமைக்கிற குசினியும் பழசு. குளியலறையைக் காட்டவே வெக்கமாக் கிடக்கு."

எங்கள் வழக்கப்படி அதற்கு விருந்தாளி, "சும்மா இருங்கோ, வடிவான வீடு" என்று சொல்ல வேண்டும். அத்தோடு அந்தக் கதை முடியும். நான் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கூட வந்த டெனிஷ் உதவியாளரைப் பார்த்தார். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். நானோ அவருடைய சிரிப்பையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. குடியிருப்பவர்களே குறை சொன்ன குசினியையும் குளியலறையையும் முழுதாக மாற்றப் போகிறார்களாம். வாடகை அதற்கேற்ப உயருமாம். வேறு வீடு தேட விரும்பினால் உதவுவார்களாம். செவ்வாய்க்கிழமை உதவியாளர் படம் எடுக்க வருவாளாம்.

அப்பா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்தையே பார்த்தார்.

"நீ அண்டைக்குப் பிழையா ஏதும் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை அப்பா. சரியாத்தான் சொன்னனான்."

குசினி நன்றாக இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டாம் என்று டெனிஷில் பதில் எழுதினேன். மூன்று தரம் திருத்தினேன். பிறகு அம்மாவிடம் போனேன்.

"செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை வரேக்க வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதேங்கோ, அம்மா."

அம்மா அடுப்பைத் துடைத்து முடித்தார்.

"அப்ப வீட்டுக்கு வாற ஆளிட்ட என்னத்தைத்தான் கதைக்கிறது?"