தொட்டித் தண்ணீரில் உடையாத மருந்து

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். புதிதாக ஓர் ஆன்டிபயாடிக் உருவாக்கிக்கொண்டிருந்தோம். நோயாளியின் உடம்பை விட்டு வெளியேறிய பிறகு அது என்னவாகும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஒருநாள் மத்தியானம், கழிவுநீர்த் தொட்டிகளைக் கவனித்துக்கொள்பவர் என் மேசை முன்னால் வந்து நின்றார். பெங்களூர் ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், என் வயதுதான்.

"மேடம், உங்க லேப் தண்ணி வந்தா என் பூச்சிங்க எல்லாம் சாவுது. சொல்ப வந்து பாருங்க."

சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். பூச்சிகள் என்று அவர் சொன்னது, கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்களை. பழுப்பாக இருக்க வேண்டிய தொட்டி வெளுத்து, நுரைத்துக் கிடந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் கழிவைத் தனியாகச் சேர்க்க ஏற்பாடு செய்தேன். பிறகு அவருடைய தொட்டித் தண்ணீரில் மருந்தைக் கொஞ்சம் கலந்து வைத்தேன். ஒரு மாதம் கழித்தும் போட்டது போட்டபடி இருந்தது.

உடம்பை விட்டு வெளியேறியதும் உடையும்படி மருந்தை மாற்றிப் பார்க்கிறேன் என்றதும், எங்கள் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் அலுப்போடு கேட்டார். "டப்பாவுல ரெண்டு வருஷம் கெடக்கூடாது, சாக்கடையில மட்டும் உடனே உடையணுமா? நடக்கிற காரியமாம்மா?"

ஆனாலும் தடுக்கவில்லை. நுண்ணுயிர்கள் வெட்டக்கூடிய ஓர் இணைப்பை மருந்தின் மூலக்கூறில் சேர்த்துப் பார்த்தேன். முதலில் செய்த ஐந்து வடிவங்களும் ரத்தத்திலேயே உடைந்துபோயின. ஒவ்வொரு முறையும் தொட்டிக்காரர் புதுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். "பரவால்ல மேடம், பூச்சிங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பார்.

ஆறாவது வடிவம் ரத்தத்தில் தாங்கியது. தொட்டித் தண்ணீரில் இரண்டே வாரத்தில் காணாமல் போனது. படியிறங்கி ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உடனே முகம் மாறிக் கேட்டார்:

"உடைஞ்ச துண்டு இருக்குமே மேடம், அது பூச்சியக் கொல்லாதா?"

நான் அதைச் சோதித்திருக்கவே இல்லை. சில வாரம் இருவரும் சேர்ந்து சோதித்தோம். கொல்லவில்லை.

அந்த மருந்து கடைக்கு வரவில்லை. விலங்குச் சோதனையில் ஈரலைப் பாதித்ததால் நிறுத்திவிட்டார்கள். ஆனால் இனி எந்தப் புது மருந்தையும் தொட்டித் தண்ணீரில் சோதித்த பிறகே மேலே எடுத்துச்செல்ல வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டார். அந்தச் சோதனை அறிக்கையில் இரண்டு கையெழுத்து: ஒன்று என்னுடையது, இன்னொன்று தொட்டிக்காரருடையது.

முதல் அறிக்கையை நீட்டியபோது அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "கன்னடத்துல போடலாமா மேடம்? ஸ்கூல்ல அதான் கத்துக்கிட்டேன்."

"உங்க கையெழுத்து, உங்க இஷ்டம்" என்றேன். அவசரப்படாமல், ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார்.