பெயர் போடாத கதை

குரோம்பேட்டையில் நடக்கும் எங்கள் எழுத்துப் பட்டறையில் இன்று எழுதியவர் பெயரைச் சொல்லாமல் கதைகளை வாசித்தார்கள். ஆள் யாரென்று தெரியாவிட்டால்தான் கருத்து நேர்மையாக வருமாம்.

மூன்றாவதாக வந்தது என் கதை. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று நானே முதலில் கையைத் தூக்கினேன்.

"இதை எழுதினவர் தயவுசெஞ்சு வேற வேலை பாக்கலாம்."

யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

தாம்பரம் திரும்பும் ஷேர் ஆட்டோவில், பட்டறைக்கு என்னோடு வரும் சுமதி மேடம் ஆறுதலாகச் சொன்னார்:

"அது உங்க கதைன்னு முதல் பாராவுலயே எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு சார். உங்ககிட்ட எப்படி சொல்றதுன்னுதான் முழிச்சிட்டிருந்தோம். நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க."

அந்தக் கதையை இங்கே போடட்டுமா நண்பர்களே? இந்த முறை நான் வாயைத் திறக்க மாட்டேன்.