சாத்திய படலைத் திறந்தவர்களுக்கு

சொசைட்டியில் பால் ஊற்ற வரிசையில் நின்றிருந்தேன். அளக்கிறவர் தலை நிமிராமலே, "ஏனுங்கம்மா, சாமியாத்தாள் அம்மா விடியக்காலம் போயிட்டாங்களாமுங்க" என்றார். ஊற்றாமலே பால் போசியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இழவு வீட்டுக்கு ஊரே வந்திருந்தது. எல்லோரும் சாமியாத்தாள் அக்காவைப் பற்றி நல்லதாகவே பேசினீர்கள். உங்களில் பாதிப் பேர் அவரைப் பைத்தியம் என்றவர்கள். யார், எங்கே நின்று சொன்னீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுதிவைத்துப் பழக்கமில்லாததால் எதுவும் மறப்பதில்லை.

அன்னூருக்குக் கிழக்கே எங்கள் இருவர் மேய்ச்சல் காட்டுக்கும் நடுவில் ஒரே வேலி. அக்கா தன் காட்டைக் கிளுவை வேலி நட்டு எட்டுத் துண்டாகத் தடுத்தார். ஒன்றில் மாடு மேயும், மற்ற ஏழும் படல் சாத்திக் கிடக்கும். கொழுக்கட்டைப் புல் கணுக்கால் உயரத்துக்கு இறங்கியதும் மாட்டை அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுவார். "அம்மணி, மேல புல்லு நின்னாத்தான் கீழ வேரு நிக்கும். மொட்டையடிச்சா ரெண்டும் போச்சு" என்பார். மாட்டைப் பட்டினி போட்டுப் புல் வளர்க்கிறாள் என்று பேக்கரியில் உட்கார்ந்து சிரித்தவர்களில் அவருடைய கொழுந்தனாரும் ஒருவர்.

நானும் யோக்கியமில்லை. ஒரு கோடையில், சாத்தியிருந்த படலை அவிழ்த்து என் கிடாரியை உள்ளே விட்டேன். அக்கா அதை ஓட்டி வந்து என் வாசலில் கட்டினார். "உன்ர மாட்டுக்குப் பசின்னா என்ர கிட்டக் கேளு. களவாணி மாதிரி படலை அவுக்காதே" என்றார், நாலு பேர் முன்னால். இரண்டு வருடம் நான் அவரோடு பேசவில்லை. தப்பும் என்னுடையது, கோபமும் என்னுடையது.

அப்புறம் மழை பொய்த்த வருடம் வந்தது. என் காடு வெடித்துக் கிடக்க, அந்தப் பக்கம் புல் நின்றது. அக்காதான் வேலியோரம் வந்தார். "வடகோடித் துண்டுல உன்ர மாட்டை உடு. நாலு நாளு. அஞ்சாம் நாள் நானே வந்து முடுக்குவேன், அப்பறம் மூஞ்சியத் தூக்காதே." சொன்னபடியே ஐந்தாம் நாள் வந்து மாட்டை வெளியே முடுக்கினார்.

மண்ணைச் சோதிக்க வேளாண் காலேஜிலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு காட்டிலும் குழி தோண்டி மண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அக்காவுடையது கறுத்து, பிடித்தால் உருண்டையாக நின்றது. என்னுடையது புழுதி. "காத்துல இருக்கிற கார்பனைப் புல்லு வேர் வழியா மண்ணுல சேக்குதுங்க. உழாம, ஒட்ட மேய்க்காம இருந்தா அங்கியே தங்குமுங்க" என்றாள். அக்கா சிரித்தார். "நீ அதுக்குப் பேரு வெச்சுட்டே கண்ணு. நான் இத்தன வருசமா வேலி போட்டு வெச்சிருக்கறேன்."

அந்த வேலியை என்ன செய்தீர்கள்? பிணம் எடுக்கும் முன்பே மாடுகள் கத்தின. "வாயில்லாச் சீவனுங்க, அண்ணி இல்லாம ஏங்குது. வயிறாரத் திங்கட்டும்" என்று கொழுந்தனார் எட்டுப் படலையும் அவிழ்த்துவிட்டார். புண்ணியம் என்றீர்கள். நானும் அங்கேதான் நின்றேன். இழவு வீட்டில் சண்டை எதற்கு, நாலு நாளில் சாத்திவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அதுதான் என்னை அறுக்கிறது.

கருமாதி வரை யாரும் சாத்தவில்லை. பதினாறாம் நாள் போய்ப் பார்த்தால் எட்டுத் துண்டும் மொட்டை. சரவணம்பட்டியில் வேலை பார்க்கிற அக்காவின் மகன், "மாட்டுக்குத்தானுங்க சின்னம்மா குடுத்தோம்" என்றான்.

"மாட்டுக்குக் குடுக்கலே சாமி. உங்கம்மா மண்ணுல சேத்துனதைப் புடுங்கிப்போட்டீங்க."

"புல்லு வரலீன்னா உழுது சோளம் போட்டாப் போச்சு" என்றார் கொழுந்தனார்.

"ஏர் உள்ள வந்தா முன்னால நான் படுத்துக்குவேன்" என்றேன். மகன் என் முகத்தைப் பார்த்தான். ஒரு மழைக்காலம் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டான்.

அன்றே பழைய சேலையைக் கிழித்து எட்டுப் படலையும் இறுக்கிக் கட்டினேன். அக்காவின் மாடுகள் இப்போது என் கட்டுத்தறியில் காய்ந்த சோளத்தட்டு தின்கின்றன. வேர் பிழைத்ததா என்பது மழைக்குப் பிறகுதான் தெரியும்.

அக்காவின் படத்துக்கு மாலை போட வருகிறவர்கள் வாருங்கள். படலில் கை வைத்தவர் வாசலுக்கு நான் வருவேன். களவாணி என்று நாலு பேர் முன்னால் சொல்லுவேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான்.