நுமாட்டா போட்ட ஓட்டைக் கணக்கு

செண்டாய் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த நுமாட்டா அண்ணனுக்கு ஒரே பித்து, பூச்சி அரித்த கணக்கு. பெரிய பெருக்கல் ஒன்றைப் போட்டு, பூச்சி தின்றதுபோல இலக்கங்களை அழித்துக் கட்டங்களாக்கிவிடுவார். மாதம் ஒருமுறை என் சலூன் மாடியில் கூடும் எங்கள் கோஷ்டி மண்டையை உடைத்துக்கொள்ளும். மேலே கடைசி இலக்கம் 3, விடையின் கடைசி இலக்கம் 1 என்றால், பெருக்கும் எண்ணின் கடைசி இலக்கம் 7 தான். இப்படி ஆகாததைத் தள்ளித் தள்ளியே வரவேண்டும். குருட்டாம்போக்கில் எண்ணைப் போடுகிறவனை அவர் மனிதனாகவே மதிக்கமாட்டார்.

விடை ஒன்றே ஒன்றுதான் வரவேண்டும்; இரண்டு வந்தால் கணக்கை அமைத்தவருக்கு மானக்கேடு. அவருடைய பள்ளித்தோழன், மீன்கடை செகிகுச்சி, அதற்காகவே காத்திருப்பான். "ஏன்டா நுமாட்டா, கணக்கு போட்டியா, வலை பின்னுனியா? இம்மாம் பெரிய ஓட்டை!" என்று தெருவைக் கூட்டுவான். அந்த வாய்க்காகவே அண்ணனுக்கு அவன்மேல் உயிர்.

அண்ணன் வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். புற்றுநோய். அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நோயாளியிடம் அதைச் சொல்லும் வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. டாக்டர் மனைவியிடம் சொல்வார். மனைவி எங்களிடம் அழுவார். நாங்கள் ஆரஞ்சுப் பழத்தோடு போய், வெறும் வயிற்றுப்புண்தான் என்று பல்லைக் காட்டுவோம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறென்ன செய்ய?

படுக்கையிலிருந்தே செகிகுச்சிக்கு ஒரு கணக்குக் கொடுத்தனுப்பினார். அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் போகும்போது டிராமில் அவன் முணுமுணுத்தான்.

"ரெண்டு விடை வருதுடா. ஒரு கட்டத்துல 3 போட்டாலும் சரியா வருது, 8 போட்டாலும் வருது."

"சொல்லப்போறியா?"

"சாகப்போறவன்கிட்டயா? போடா."

ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததுமே அண்ணன் கேட்டார்: "எத்தனை விடை?"

"ஒண்ணுதான். பிரமாதமான கணக்கு, பின்னிட்ட போ!" என்றான் செகிகுச்சி.

அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வரணும்னுதான்டா போட்டேன். வெறும் வயித்துப்புண்ணா இருந்தா நீ இந்நேரம் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்ப. ஓட்டை உன் கண்ணுக்குத் தப்பாது. அப்புறம் நீ எதுக்கு என்னைப் புகழணும்? எத்தனை மாசம்னு சொன்னாங்க?"

ஊரையே அதட்டும் வாய் அது. செகிகுச்சி அதைக் கையால் பொத்திக்கொண்டு கட்டில் கம்பியில் சாய்ந்தான்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் அவசரமாகச் சொன்னார்: "கண்ணைத் தொடைங்கடா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டுச் சிரிக்கிறா."

அண்ணி சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னிக்கு உங்க முகம் தெளிஞ்சிருக்கே!"

"ஆமா, வலி குறைஞ்சிருக்கு" என்று அண்ணனும் சிரித்தார்.