ஐம்பதைத் தாண்டியவர்கள்

திருட்டு வழக்குகளைப் பார்க்கும் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்த அவரை எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த உயரதிகாரி மட்டும் ‘மேடம்’ என்றார். வந்த சில வாரங்களிலேயே, ஐம்பதைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராக ஓரங்கட்டினார். பழைய ஏட்டு ஒருவர் வாசல் காவலுக்குப் போனார். அக்காவுக்குக் கிடைத்தது பறிமுதல் பொருள்கள் கிடக்கும் அறை. துருப்பிடித்த சைக்கிள்கள், உடைந்த செல்போன்கள். பெயருக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அவருடைய வழக்குகள் ஓர் இளம் அதிகாரியிடம் போயின.

“என்ன காரணம் சார்?” என்று உயரதிகாரியிடம் நேராகவே போய்க் கேட்டார் அக்கா.

“அலைச்சல் இல்லாத வேலை. உங்களுக்கு ஓய்வா இருக்கும்னுதான்.”

“நான் ஓய்வு கேட்கலையே சார்.”

உயரதிகாரி கோப்பைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

பள்ளி வேன் ஓட்டும் கணவர், “பேசாம ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துடு. பகல்லயும் எனக்குச் சண்டை போட ஆள் இருக்கும்” என்றார். அக்கா சிரித்தார், ஆனால் தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்தார்.

அந்த மாதமே ஏட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர் நடந்து போனதைப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு மனசு கெட்டிப்பட்டது. வயதைக் காட்டி ஒதுக்குகிறார்கள் என்று தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். அதன்பிறகு கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

ஒரு மத்தியானம் அந்த இளம் அதிகாரி சைக்கிள்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு உள்ளே வந்தார்.

“அக்கா, உங்களை மாத்தின பிறகு நடந்த கூட்டத்துல சார் பேசினதை நானே காதால கேட்டேன். சாட்சி சொல்றேன்.”

“உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்காதப்பா.”

“உங்க கேஸையெல்லாம் என் திறமையைப் பார்த்துதான் கொடுத்தாங்கன்னு எங்கம்மாகிட்ட பெருமையடிச்சுட்டேன். ‘கிழடுங்களை எடுத்துட்டு, யாராவது சின்னப் பையனா போடச் சொன்னேன்’னு அவரே சொல்றார். அதுல என் பேரே இல்லைக்கா.”

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இளம் அதிகாரியும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

விசாரணையில் அவர் அதை அப்படியே சொன்னார். உயரதிகாரி ஞாபகமில்லை என்றார். இடமாற்றங்கள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஓய்வு வாங்கிவிட்டதால் ஏட்டால் மட்டும் திரும்ப முடியவில்லை. அவருக்காக அக்கா தனியாக மனுப் போட்டிருக்கிறார்.

பழைய அறைக்குள் அக்கா நுழைந்ததும் இளம் அதிகாரி பதறி எழுந்தார்.

“உட்காரு. ஊர்ல வேற நாற்காலியா இல்ல?”

பக்கத்து அறையிலிருந்து ஒன்றை இழுத்து வந்து போட்டுக்கொண்டார். பைக்கைத் திருட்டுக் கொடுத்த ஒருவர் வாசலில் தயங்கி நின்றார்.

“உள்ள வாங்க” என்றார் அக்கா. “எங்க நிறுத்தியிருந்தீங்க?”