மாத்திரைக்குச் சாகாத கிருமி

என் கணவர் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் அதே கம்பெனியில் செக்கிங். போன ஆடியில் ஒரு மத்தியானம், கட்டிங் மிஷின் கத்தி அவருடைய இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. பக்கத்து கிளினிக்கில் நான்கு தையல் போட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வலி குறைந்ததும், வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு வாரத்தில் விரல் சிவந்து வீங்கியது. மெடிக்கலில் போய் நின்று, "கொஞ்சம் பவரா குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தது நான்தான். வீக்கம் வடிந்தால் நிறுத்துவோம். மறுபடி சீழ் வைத்தால் வேறு மாத்திரை. இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒரு காலையில் காய்ச்சலில் அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கம்பெனி வேனிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் டாக்டரம்மா ரிப்போர்ட்டை என் முன்னால் விரித்தார். வரிசையாக மருந்துப் பெயர்கள். அநேகமாக எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரே ஆங்கில எழுத்து.

"இந்த எழுத்து போட்டிருக்கற மருந்து எதுக்கும் இந்தக் கிருமி சாகாதுங்க."

நான் வாங்கிக் கொடுத்த மூன்றும் அதில் இருந்தன. வேறு எழுத்து இருந்தது இரண்டே மருந்துக்கு, இரண்டும் ஊசி.

"இவரு ஒடம்புக்கு மாத்திரை பழகிப்போச்சுங்களா?"

"ஒடம்புக்கு இல்லீங்க, கிருமிக்கு. பாதியில நிறுத்தி, மாத்தி மாத்திப் போட்டா, சாகாதது மட்டும் தங்கிப் பெருகிக்கும்."

"அப்ப நான் பண்ணுனதுதானுங்களா?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். "காயத்துக்குள்ள வரும்போதே அப்படிப்பட்ட கிருமியா இருந்திருக்கலாமுங்க. யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இனி இப்படி வாங்காதீங்க."

எலும்புவரை அழுகியிருந்ததால் விரலைப் பாதியோடு எடுத்தார்கள். இரண்டு வாரம் ஊசி ஏறியது. காயம் ஆறியது. கட்டுப் பிரித்த அன்று அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கத்திகூட வெரலை விட்டுட்டுப் போச்சே புள்ள" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாங்கள் வீடு திரும்பிய வாரம், பக்கத்து வீட்டுக்காரி காலில் தகரம் கிழித்த காயத்தோடு வந்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு வாங்குன மாத்திரை மிச்சமிருந்தா ரெண்டு குடுங்க."

நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்துவிட்டாள். "இல்லீனா போகுதுங்க, மெடிக்கல்ல வாங்கிக்கறேன்" என்று நொண்டிக்கொண்டே கிளம்பினாள். செருப்புகூடப் போடாமல் அவள் பின்னால் ஓடினேன்.